மலைக்கு அந்தப் பக்கம்

நீ உன் பாதங்களைப் பார்த்து
ஆறு வாரமாகிறது, யாஸ்னா.
நடுவில் ஒரு மலை எழும்பிவிட்டது.
அந்தப் பக்கத்துச் செய்திகளை
இரவுதோறும் நான்தான் கொண்டுவருகிறேன்:
பத்துப் பேரும் நலம்.
இடது சுண்டுவிரல் இன்னும்
ஒருக்களித்தே படுத்திருக்கிறது.

சனிக்கிழமை
மீன் அங்காடிக்கு மேல்மாடியில்
சோப்பு நுரையும் நெத்திலி வாசமும் கலந்த கடையில்
உன் கால்களை மடியில் வைத்துக்கொண்டு
டோனியா மிர்த்தா என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்.
"இவளால் குனிய முடியாது. நீ கேட்டுக்கொள்.
இன்றைக்கு வெந்நீர் ஆகாது.
வீடுவரை திறந்த செருப்பு.
குதிகாலுக்குக் களிம்பு பூசு, விரலிடுக்கில் பூசாதே,
அங்கே ஈரம் தங்கினால்
புண்ணுக்குப் பத்திரிகை வைத்தமாதிரி.
நகத்தை நேராக வெட்டு, மூலையைத் தோண்டாதே.
சாயம் பெயர்ந்தால் பெயரட்டும், உரிக்காதே.
அப்புறம், வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே இரு."
பயணச்சீட்டுக் கட்டின் பின்பக்கம்
எழுதிக்கொண்டேன் எல்லாவற்றையும்.
கடைசி வரிக்கு இடமில்லை.

வால்பரைசோவின் ஜூலைக் குளிரில்
திறந்த செருப்போடு நீ.
இழுவை ரயிலில் அன்று என் வேலையைப் பார்த்த
ஒஸ்மான் உன்னிடம் காசு வாங்கவில்லை.
ஏறும்போது எல்லோரும்
கீழே விரியும் துறைமுகத்தை விட்டுவிட்டு
உன் விரல்களைப் பார்த்தார்கள்.
செர்ரிச் சிவப்பு. பத்தும்.
நீ மட்டும் கடலைப் பார்த்தாய், வேறென்ன செய்வாய்.

என் கையோ
பகலெல்லாம் ஒரு பெட்டியை ஏற்றி
இன்னொன்றை இறக்குகிற கை.
மூன்று முறை கழுவினாலும்
நகத்தடியில் கிரீஸ் இருக்கும்.
அதனால் புறங்கையால்தான் பூசினேன் களிம்பை.
பருத்திக் காலுறையை மாட்டிவிடும்போது
நீ ஏற்கெனவே தூங்கியிருப்பாய்,
அல்லது தூங்குவதாக எனக்குக் காட்டுவாய்.

செவ்வாய் இரவு
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
குழி. நிரம்ப நான்கு எண்ணினேன்.
புதன் ஏழு.
வியாழன்
பதினொன்று வரை எண்ணியபோது
தலை வலிக்கிறது என்றாய்,
விளக்கைச் சுற்றி ஏதோ மினுங்குகிறது என்றாய்.
அன்றைய செய்தியை நான் உன்னிடம் சொல்லவில்லை.
காலுறையை மாட்டிவிட்டு
டாக்சியைக் கூப்பிட்டேன்.

மருத்துவமனையில்
உன் கைவிரல்கள் சில்லிட்டுக் கிடந்தன,
கருவி எண் சொல்ல மறுத்தது.
தாதி பஞ்சை அசிட்டோனில் நனைத்து
வலது பெருவிரலை மட்டும் துடைத்தாள்.
மூன்றே இழுப்பு.
டோனியா மிர்த்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு
பூசிய நகம் அது.
வெறும் நகத்தில் கவ்வியை மாட்டியதும்
உள்ளே ஒரு சிறு சிவப்பு எரிந்தது.
தொண்ணூற்றேழு.

இரத்த அழுத்தம் அதிகம், இரவு இங்கேதான் என்றார்கள்.
நாளையும் இருக்கலாம் என்றார்கள்.
பிள்ளையின் துடிப்பு
பாலத்தின் மேல் குதிரைபோல்
ஓடிக்கொண்டிருக்கிறது பெட்டிக்குள்.

மருந்து இறங்கிய பிறகு
கண்ணைத் திறக்காமலே கேட்டாய்:
அந்தப் பக்கம் எப்படி?

ஒன்பது செர்ரிச் சிவப்பு, யாஸ்னா.
ஒன்று உன் நிறம்.

களிம்பு என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.
தாதி அந்தப் பக்கம் போகட்டும்.
இடுக்கில் பூசமாட்டேன், தெரியும்.