ஒற்றைக் கையால்

மாதத்தின் முதல் திங்கள்
ஆலையின் பத்துப் பெட்டிகளையும் திறக்கிறேன்.
பிளாஸ்டர்தான் எப்போதும் முதலில் தீரும்.
கத்தரிக்கோல் கணக்குப் பகுதியில்
கடித உறை வெட்டிக்கொண்டிருக்கும்.
முக்கோணத் துணியில் யாரோ
சோற்றுப் பார்சல் கட்டிப் போனது தெரியும்,
கேட்கவில்லை. வேறொன்று மடித்து வைத்தேன்.

கொதிகலன் பக்கத்துக்கு எரிகாயக் கட்டு இரண்டு கூட.
உமி பறக்கும் பக்கத்துக்குக் கண் கழுவும் உப்புநீர்
ஆறு போத்தல், திகதி பார்த்து.
முகாமையாளர் றிஸ்மி பெட்டிகளைப் பூட்டச் சொல்கிறார்.
"களவு போகுது மிஸ்."
போகட்டும் சேர்.
பிளாஸ்டர் களவெடுக்கிறவனுக்கு
எங்கேயோ காயம் இருக்குது.

பதினோராவது பெட்டிதான் பாடுபடுத்தியது.
அது வட்டைக்குப் போவது.
சாகாமத்துக்கு அப்பால் எங்கள் விதைநெல் வயல்,
யானை வேலி, ஒரு பரண்,
பரணில் பூபாலபிள்ளை.
வேறொருவருமில்லை.

பட்டியலை வாசித்தேன்.
"காயம்பட்டவரைப் படுக்கவைக்கவும்."
ஆர் படுக்கவைக்கிறது?
"அருகிலிருப்பவர் அழுத்திப் பிடிக்கவும்."
அருகில் இருப்பது கொக்கு.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு
வலக்கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டி
குசினி நிலத்தில் இருந்து
ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தேன்.
பிளாஸ்டர் உறை, பல்லால், மூன்றாம் தடவை.
சுருட்டுத்துணி உருண்டு அடுப்புக்குக் கீழே போயிற்று.
ஊக்கு முடியவே முடியாது.
போத்தலை முழங்கால்களுக்கிடையில் இறுக்கித் திருகினால்
பாதி மருந்து பாவாடையில்.
எழும்பி வந்த இவர் வாசலில் நின்று
"உனக்கென்ன, பைத்தியமா?" என்றார்.
மறுகா, துணியின் மற்ற முனையைப் பிடிக்கக் குனிந்தார்.
பிடிக்காதீங்க என்றேன்.
பிடிக்க ஆளில்லாத பெட்டி இது.

பட்டையோடு திண்டு சேர்த்துத் தைத்த கட்டு,
தன்னில் தானே ஒட்டும் துணி
(கல்முனையில் ஒரே ஒரு கடையில் இருந்தது),
பல்லால் கடித்துத் திறக்கிற சின்னக் குழாய்கள்,
கயிற்றில் கட்டிய கத்தரிக்கோல், டோர்ச், விசில்.
மூடியின் உட்பக்கம் பெரிய எழுத்தில்
1990.

கொடுக்கப் போன அன்று
பூபாலபிள்ளை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அம்புலன்சுக்கு இந்த நம்பரா?"
"ஓம். நாடு முழுக்க இதுதான். காசில்லை."
"அந்த வருசத்தில நாங்க கூப்பிட்டதுக்கு
ஒருத்தரும் வரல்ல மகள்."
எங்களுக்கும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
யானை வேலிக் கம்பி
டிக், டிக் என்று கொண்டிருந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

மறுகா அவர், "இப்ப கூப்பிட்டா வருவாங்களா?"
"சிக்னல் இருந்தா."
சிக்னல் பரணின் மேல்தட்டில் மட்டும்.
ஏணிக்கு ஒன்பது படி.
பெட்டியைக் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்று
வெயில் சாயுமட்டும் பேசினோம்.
கடைசியில் இரண்டு பெட்டி.
இரண்டாவதை இன்னும் கணக்கில் எழுதவில்லை.

மாசியில் வட்டைக் கொப்பி வந்தது.
முத்து முத்தாய் எழுதுகிற மனிதர்.
இந்த மாதம் எழுத்து கிறுகி, சரிந்து,
கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது:
"பெரிய கட்டு ஒண்டு. நானே கட்டினது.
விசில் ஊதினேன். யானை போயிற்று.
ஆள் வரல்ல. ஏணி ஏறேல்ல.
விடிய பால்காரன் வந்தான். இப்ப சுகம்."

பக்கத்தின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல்.
திகதி சரி. நேரம் சரி.
இருப்பில் ஒன்றைக் கழித்தேன்.

வழமையாய் நிரப்பிக் கொடுத்தனுப்புவது.
இன்று ஓட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.
போய் அந்த முடிச்சைப் பார்க்க வேண்டும்,
எந்தப் பக்கமாய் இழுத்து
எப்படிப் போட்டாரென்று.