சைபர் எத்தனை மாத்திரை

ஏற்காட்டில், கடைசிக் கொண்டை ஊசி வளைவு தாண்டி
இடப்பக்கம் பிரியும் மண்சாலையில் எஸ்டேட் ஆபீஸ்.
மழைப் பதிவேட்டின் முதுகு பிய்ந்திருந்தது.
கோந்து தடவி, நூல் சுற்றித் தந்தார்
ரைட்டர் ஆரோக்கியமேரி.
முப்பத்தோரு வருடம், மில்லிமீட்டரில்.
'ஈரக் கையோட புரட்டாதீங்க' என்றார்,
மழையின் புத்தகத்தை.

நான் இசை எழுதுகிறவள்.
ஒரு வயோலா, ஒரு கிளாரினெட், ஒரு கடம்,
ஒரு மடிக்கணினி, நான்கு ஸ்பீக்கர்.
மில்லிமீட்டருக்கு ஒரு சுரம் என்று
கணக்கொன்று போட்டு வைத்திருந்தேன்.
நாற்பது என்றால் வயோலாவின் கனத்த தந்தி,
இரண்டு என்றால் கடத்தின் கழுத்தில் ஒரு விரல்.
ஜூலை, ஆகஸ்ட் தானாக எழுதிக்கொண்டது.

மார்ச்சுக்கு வந்தேன்.
காப்பிச் செடி மொட்டை இறுக்கிப் பிடித்தபடி
ஒரே ஒரு மழைக்கு நிற்கும் மாதம்.
பெய்தால் ஒன்பதாம் நாள்
சரிவு முழுக்க வெள்ளையாய் மணக்கும்.
பூ மழை என்று அதற்குப் பெயர்.
அந்தப் பக்கத்தில்
0
0
0
ஆரோக்கியமேரியின் சைபர்கள் இடப்பக்கம் சாய்ந்தவை,
மேலே வாய் மூடாதவை.

'சைபர்னா ரெஸ்ட்தானே?' என்றான் ரூபஸ்,
கிளாரினெட்டின் ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டே.
'எத்தனை மாத்திரைக்கு நான் சும்மா இருக்கணும்?'
இருபத்தெட்டு நாள் என்றேன்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

காப்பி கொண்டுவந்த ரைட்டர்
தாளை எட்டிப் பார்த்தார்.
'மழை இல்லேன்னா சத்தம் இல்லேன்னு யாரு சொன்னது?
அன்னிக்குத்தான் காது செவிடாகும்.
வெள்ளையன் விடிய நாலுக்கே மோட்டாரைப் போட்டுடுவான்.
கெணறு வத்துற வரைக்கும் ஸ்பிரிங்ளர்.'

அந்த மார்ச்சில் கிணற்றுப் படியில் இறங்கி
டீசல் மோட்டாரின் இரும்புக் காலில்
மைக் ஒன்றைப் பதித்தேன்.
பழைய லுங்கித் துணியால் வெள்ளையன் கட்டித் தந்தார்.
நீரில் மூழ்கும் இன்னொன்றை உள்ளே விட்டேன்.
கயிறு போனது, போனது,
மூழ்க இடமில்லாமல்
சேற்றில் படுத்துக்கொண்டது.

கேட்டேன்.
நிஷாதத்துக்கும் சட்ஜத்துக்கும் நடுவில்
எங்கும் உட்காராத ஒரு ரீங்காரம்.
தண்ணீர் குறையக் குறையச் சுருதி ஏறுகிறது.
கடைசியில்
காலி இளநீரை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற அந்த மரியாதைகெட்ட ஒலி.

சைபர்களை அழித்தேன்,
மோட்டாரை வைத்தேன்.
மேலே ரூபஸ், நீண்ட மூச்சில்,
சேர்ந்தும் சேராமலும்.
மழை பெய்த நாட்கள் இப்போது
மோட்டார் நிற்கும் இடங்கள்.
ரெஸ்ட் என்றால் அதுதான்.

அடுத்த ஜனவரி. பழம் களத்தில் காயும் காலம்.
ஒத்திகையைக் களத்தின் ஓரத்திலேயே வைத்தோம்.
கீழே சேலம்,
மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் குழிகள்
பகலில் அணைக்க மறந்த விளக்குபோல.
இரண்டாம் பகுதி. மணி மூன்று ஐம்பது.
வயோலாவின் வில்லில் ஒரு துளி.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அது.
பெய்யக் கூடாத மழை.
'தார்ப்பாய்!'
இந்துலேகா வயோலாவை ஆபீஸ் மேசையில்
எறியாத குறையாக வைத்துவிட்டு
முனையைப் பிடித்து ஓடினாள்.
கடத்தைக் கவிழ்த்துவிட்டு சோலைராஜ்
பலகையால் பழத்தைக் குவித்தார்.
ரூபஸ் வழுக்கி விழுந்து எழுந்தான்.
நான் முதலில் கணினியைத்தான் தூக்கினேன்.
ஆரோக்கியமேரி அதைப் பார்த்தார்.

பாதி நனைந்துவிட்டது.
இனி, பறிக்காத பழத்தின் பக்கத்திலேயே
மொட்டும் விரியும், நாள் தெரியாமல்.

மைக் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
பதினோரு நிமிடம்.
தார்ப்பாயில் மழை. பலகையின் தேய்ப்பு.
யாரோ யாரையோ 'சரசு, சரசு' என்று.
எல்லாவற்றுக்கும் அடியில், நிறுத்த யாருமில்லாமல்,
நனைகிற ஸ்பீக்கரில் என் மோட்டார்
வறண்ட மார்ச்சைப் பாடிக்கொண்டு.

இதையே முடிவாக வைக்கலாம் என்கிறார் சோலைராஜ்.
வைத்தால் அரங்கில் கைதட்டுவார்கள்.
அதுதான் கை வரவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு
ரைட்டர் மழைமானிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எழுதினார்:
14.2
என் கணக்குப்படி அது வயோலாவின் மூன்றாம் தந்தி.
தாளில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.