எட்டுப் பங்கு தொடர்பாக

சேலத்தில் மூன்று நாள் பயிற்சி.
நான்காம் நாள்
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
மஞ்சக்குட்டை நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு
ஜப்பானைக் கொண்டுவந்தேன்.
சுருட்டிய வரைபடம்.
பேருந்தில் அதன்மேல் யாரோ உட்கார்ந்துவிட்டதால்
நடுவில் மடிந்த ஜப்பான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
அந்தச் சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.
பயிற்சி கொடுத்தவரும் சாப்பிட்டதில்லை.

கடல் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
இரண்டு கை.
அதில் ஒன்று கிரிதரனுடையது, அவன் எதற்கும் தூக்குவான்.
பச்சை மீன் என்றதும் வகுப்பே முகம் சுளித்தது.
கடற்பாசி என்றதும்
"ஏரியில படகுத்துறைக்குக் கீழ வழுக்குமே, அதுவா டீச்சர்?"
இல்லை என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
அதற்கு அக்கா முறை என்றேன்.

சிவப்பு, மஞ்சள், பச்சை:
அங்கே பள்ளிச் சாப்பாட்டை இப்படிப் பிரிக்கிறார்கள்.
சிவப்பு உடம்பைக் கட்டும்.
மஞ்சள் ஓட வைக்கும்.
பச்சை, நோய் வராமல் காவல் இருக்கும்.
"முட்டை?"
சிவப்பு.
"வெள்ளையா இருக்கே?"
உள்ளே மஞ்சள் என்றாள் இன்னொருத்தி.
கரும்பலகையில் முட்டைக்கு மட்டும்
இன்றுவரை தனிக் கட்டம்.

கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடலாம், மரியாதைதான்.
நூடுல்ஸை உறிஞ்சும்போது சத்தம் வரலாம், தப்பில்லை.
இது போதாதா.
அன்று ரசத்துக்கு ஓடு அதிர்ந்தது.
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.
பாடம் சார், என்றேன்.

வயிற்றில் பத்துக்கு எட்டுப் பங்கு நிரம்பியதும்
கையை எடுத்துவிட வேண்டும்,
அங்கே அப்படி ஒரு சொலவடை என்றேன்.
காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோக
இந்த வருஷம் வரக்காப்பியோடு
எஸ்டேட் லயத்திலிருந்து நடந்து வரும் மாதேஸ்வரி
நோட்டில் எழுதிக்கொண்டாள்.
எழுதி முடித்துக் கேட்டாள்:
"எட்டு வர்றதுக்கே பத்தலைன்னா
எதுல டீச்சர் நிறுத்தறது?"
கையேட்டில் பதில் இல்லை.
அவள் முன்னாலேயே தேடினேன்,
பக்கம் பக்கமாக.

குச்சிகளைச் சேர்வராயன் கொண்டுவந்தான்.
அவன் அம்மா கவாத்து செய்து கழித்த காபிக் கிளைகள்.
தோலுரித்து, ஓட்டுச் சில்லில் தேய்த்து,
முப்பத்தொரு ஜோடி.
ஒன்றும் நேராக இல்லை.
சுண்டல் ஒவ்வொரு பயறாகத் தப்பித்து ஓடியது.
ஜன்னலோரம் காத்திருந்த மைனாவுக்கு நல்ல நாள்.

கை ஓய்ந்துபோய் கிரிதரன்
சோற்றின் நடுவில் குச்சி இரண்டையும் நட்டு வைத்தான்.
அப்படி வைக்கக் கூடாது என்று நான் வாயெடுக்குமுன்
மாதேஸ்வரி எழுந்து போய்ப் பிடுங்கினாள்.
"அது செத்தவங்களுக்கு வைக்கிறது."
கையேட்டில் பக்கம் பதினான்கு.
நாங்கள் இன்னும் ஒன்பதில்தான் இருந்தோம்.
"ஜப்பான்லயா?" என்றான்.
"எங்க வீட்டுல," என்றாள்.
"எங்கப்பாவுக்கு. சோத்துல ஊதுவத்தி."

கொஞ்ச நேரம் மைனா மட்டும் கொத்தியது.

பிறகு கிரிதரன் தன் முட்டையைக் குச்சியால் கவ்வி
அவள் பக்கம் நீட்டினான்.
வழுக்கியது. மறுபடி.
அவள் தன் குச்சியை நீட்டினாள், வாங்க.
குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு கைமாறக் கூடாது,
எரித்த எலும்பை எடுக்கும் முறை அது:
பக்கம் பதினைந்து.
நான் கையேட்டை மூடி
அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

முட்டை நடுவழியில் விழுந்தது.
குழாயில் கழுவிக் கையாலேயே பிட்டார்கள்.
மஞ்சள் கரு பெரும்பாலும் அவள் பக்கம் வந்தது.

சாயங்காலம் சமையல் ராஜாமணி அக்கா நிறுத்திக் கேட்டார்:
"தட்டு முன்னால கைகூப்பி என்னமோ சொல்லுதுங்களே,
என்னையத் திட்டுதுங்களா?"
இததாகிமாஸ்.
பணிவோடு வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம் அக்கா.
அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.
"அப்ப அரிசி ரெண்டு கிலோ கூடக் கேட்டு
எழுதிக் குடுங்க."

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், சேலத்துக்கு.
பொருள்: எட்டுப் பங்கு தொடர்பாக.