இந்தப் பக்கம் மேலே

நிபோங் திபாலிலிருந்து இருபது நிமிடம்,
சுங்கை ஆச்சேவில் மூன்றாம் கிளைவாய்க்கால்.
மோட்டாரை மதகோரம் நிறுத்திவிட்டுப்
படிவத்தோடு இறங்கினேன்.

நிதி வந்தது உண்மை. பம்பு வந்ததும் உண்மை.
ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்கூட
கொட்டகை ஆணியில் தொங்குகிறது;
தவமணி அதில்தான் உரமூட்டை வாய் அறுக்கிறாள்.

எட்டாம் கேள்வி: கருவி கிடைத்ததா?
சரி போட்டேன்.
ஒன்பது: விளைச்சல் கூடியதா?
கூடியிருக்கிறது. ஹெக்டேருக்கு நாலரை டன்
இப்போது ஐந்தே கால்.
மாட் ஸைன் ரசீதுகளை விரித்தார்,
ஈரமென்று ஆலையில் கழித்த கிலோ உட்பட.

பம்பைப் பார்க்கலாமா என்றேன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீலப் பம்பு. அழகாய்த்தான் இருந்தது.
சுற்றிய பிளாஸ்டிக் பாதி உரியாமல்.
ஒரு வால்வு வரவேண்டுமாம்,
பதினோரு மாதமாய் வந்துகொண்டே இருக்கிறதாம்.
அடியில் ஒரு கோழி அடைகாத்தது.
அரசாங்க அட்டை மாட்டிய என்னைப் பார்த்தும்
எழுந்திருக்கவில்லை.

அப்படியானால் தண்ணீர்?

வரப்பில் முன்னால் நடந்தாள் தவமணி.
பம்பு வந்திறங்கிய மரப்பெட்டி இருந்ததே,
கனத்த பலகை, இரும்புப் பட்டை,
அதைப் பிரித்து
இடுப்பளவு சேற்றில் நின்று
மூன்றே இரவில் அடித்த தடுப்பு.
நீர் அங்கே வந்து முட்டுகிறது,
கொஞ்சம் யோசிக்கிறது,
கடைமடைக்குத் திரும்புகிறது.
ஏழு வருஷமாய்ப் பாதி நனைந்த
தியாம் ஹுவாட்டின் கோடித் துண்டிலும்
இந்தப் போகம் கதிர் சாய்ந்து நின்றது.

பலகையில் எழுத்து அழியவில்லை:
இந்தப் பக்கம் மேலே.
தலைகீழாய் நின்று
தண்ணீர் தேக்கிக்கொண்டிருந்தது.

பலகைக்குப் படிவத்தில் கட்டமில்லை.
கணக்கில் உண்டு. நான்தான் தட்டச்சு செய்தேன்:
பொதி, இறக்குகூலி, அறுநூற்று நாற்பது வெள்ளி.

மாட் ஸைன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
"உள்ளதை எழுதினால் பம்பைத் தூக்கிப்போவார்களா?"
போகலாம், என்றேன்.
"பம்பால்தான் என்று எழுதினால்?"
இன்னொரு பம்பு வரலாம்.

தவமணி சிரித்துவிட்டாள்.
"வரட்டுமே. நாலாம் வாய்க்காலுக்கும்
பலகை வேணும்."

பத்தாம் கேள்வி: எதனால்?
அரை வரிக்குத்தான் இடம்.
மோட்டார் சீட்டில் தாளை வைத்து
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன்.

கோழி இப்போதுதான் எழுந்து வருகிறது,
வாய்க்காலுக்கு,
தண்ணீர் குடிக்க.