ஏழாவது மொழி

சஜா முகாமில் காலை நாலு மணி.
போர்ட்டா கேபின் சுவரில் பாதுகாப்புப் பாடம் ஓடும்.
அரபு, ஆங்கிலம், இந்தி, உருது,
வங்காளம், மலையாளம், கடைசியாகத் தமிழ்.
மொழிக்கு ஆறு நிமிடம்.
பேட்டரி தாங்குவது முப்பத்தாறு.

கணக்கு புரிந்திருக்கும்.
மலையாளம் முடிந்ததும் சுவர் வெறும் சுவராகிவிடும்.
தமிழ் ஆட்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
பஸ் ஏறிவிடுவார்கள்.
இரண்டு வருடமாக இதை யாரும் புகார் என்று சொல்லவில்லை.
புகார் வந்தது சார்ஜ் போடும் பையனிடமிருந்து:
"சூடாகுது மேடம், கை வைக்க முடியலை."

எங்கள் பட்டறை ஷார்ஜா தொழிற்பேட்டையில்,
ஒரு டயர்க் கடைக்கு மேல்.
மேசையில் கருவியைப் பிரித்து வைத்தேன்.
உள்ளே, மிளகைப் பிளந்த அளவில் ஒரு கண்ணாடி,
நொடிக்குப் பல்லாயிரம் தரம்
இடமும் வலமுமாய் நடுங்குகிறது.
சிவப்பு, பச்சை, நீலம், மூன்று லேசர்கள்
அதன் முகத்தில் பட்டுத் தெறித்துச்
சுவரை வரி வரியாகத் தடவுகின்றன.
படம் என்று அங்கே எதுவும் கிடையாது.
ஓடுவது ஒற்றைப் புள்ளி.
நம்புவது கண்.

லேசருக்கு ஒரு வாசற்படி உண்டு.
அந்தப் படிவரை கொடுக்கும் மின்சாரம்
ஒளியாகாது, வெறும் சூடு.
எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்த ஹைதம்
மூன்றையும் எந்நேரமும் படியிலேயே நிறுத்தியிருந்தார்,
கூப்பிட்டதும் குதிக்கட்டும் என்று.
கறுப்புக்கும் காசு போய்க்கொண்டிருந்தது,
ஆளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் பஸ்ஸில்
ஏசி முழுசாய் ஓடுவதுபோல.
ஜூலை வந்தால் படி இன்னும் உயரும்.
சிவப்புக்கு வெயில் ஆகவே ஆகாது.

ஆகவே எழுதினேன்:
கண்ணாடி ஓரத்தில் திரும்பும்போது, அணை.
கடைசி வரியிலிருந்து மேலேறும்போது, அணை.
நீளமான இருட்டு வந்தால் அடியோடு அணை;
எழுத்து வருவதற்கு
ஒரு மூச்சின் கோடியில் ஒரு பங்கு முன்னால்
தட்டி எழுப்பு.
பிறகு அந்த வெள்ளைப் பக்கங்களைப் புரட்டிப்போட்டேன்.
கறுப்பில் வெள்ளை எழுத்து.
ஒரு சொல்லுக்காகச் சுவர் முழுக்க எரிவானேன்?

கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டபோது
ஐம்பத்தெட்டாவது நிமிடம்.
அப்போதுதான் அணைந்தது.

வியாழக்கிழமை நானே முகாமுக்குப் போனேன்.
மூக்குக்கண்ணாடியில் ஈரம் படியும் புழுக்கம்.
மலையாளம் முடிந்தது.
பஸ் பக்கம் திரும்பிய கால்கள் பாதியில் நின்றன.
சுவரில் தமிழ், முதல் தடவையாக:

உயரத்தில் ஏறும் முன்
வயிற்றை இறுகக் கட்டிக்கொள்ளவும்.

கயிறு.
கயிற்றை என்று இருந்திருக்க வேண்டும்.
எந்த அலுவலகத்தில் யார் தட்டியதோ,
இரண்டு வருடம் இருட்டுக்குள்
பத்திரமாக இருந்த பிழை.

யாரும் பேசவில்லை.
பின்னாலிருந்து சாரம் கட்டும் பிச்சைக்கண்ணு,
"அது கட்டித்தான் மேடம் கெடக்கு" என்றார்.
அறுபது பேரும் சிரித்தார்கள்.
தேநீர் குடித்துக்கொண்டிருந்த பவுல்துரைக்குப் புரையேறியது.
மொழி தெரியாத பாதுகாப்பு அதிகாரியும்
சேர்ந்து சிரித்துவைத்தார்.
நானும்தான், கொஞ்சம் பிந்தி.
பஸ் ஹாரன் அடித்தது.

மதியம் அந்த ஓர் எழுத்தை மாற்றினேன்.
'வ'வை விடக் 'க'வுக்குக் கோடு கூடுதல்,
அதனால் ஒளியும் கூடுதல்.
எவ்வளவு என்று அளந்து பார்த்தேன்.
மீட்டருக்குத் தெரியவில்லை.