பதினான்காம் பத்தி

ஏழாவது நாளும் பதினான்காம் பத்தியில் நிற்கிறோம்.
சைமா ஏரி உறைந்துவிட்டது, படகு வராது.
வண்டி ஓட இன்னும் நான்கு விரல் கனம் வேண்டும்
என்கிறான் விடுதிக்காரன்.
எங்களை ஒரே கூரைக்குள் வைத்திருக்க
எந்தப் பொதுச்சங்கத்தாலும் முடியாததைப்
பனி செய்துகொண்டிருக்கிறது.

நான் கைசு. குறிப்பெழுதுகிறவள்.
எனக்கு வாக்கு இல்லை.
நான்கு நிறப் பென்சில்கள் உண்டு.

"வேதமும் மரபும்" என்றிருந்தது வரைவில்.
அந்த இரண்டாவது 'உம்'மைப்
பேராசிரியர் ஹால்வர் நகத்தால் சுரண்டினார்,
அவித்த முட்டையின் ஓட்டை உரிப்பதுபோல.
"மரபு வேதத்தின் பக்கத்தில் உட்கார முடியாது.
எதிரில் நிற்கும். தீர்ப்புக்காக."

தந்தை யுஸ்டின் தாடிக்குள் சிரித்தார்.
"எந்தெந்தச் சுருள் வேதம் என்பது
வேதத்தின் எந்த அதிகாரத்தில் இருக்கிறது, பேராசிரியரே?
அதில் இல்லையென்றால்,
எந்த அதிகாரத்தால் சேர்த்தோம்?
பட்டியல் எழுதிய கையை நீங்கள்
பட்டியலைக் கொண்டே வெட்டுகிறீர்கள்."

மொன்சிஞ்ஞோர் பர்த்தோலி கண்ணாடியைத் துடைத்தபடி,
"கைதான். ஆனால் யாருடைய கை?
வாய்ச்சண்டை முற்றினால்
கடைசியில் ஒருவர் மணி அடிக்க வேண்டாமா?"

யாருடைய கை என்றதும் அறை குளிர்ந்தது.
ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வேல்ஸ் நாட்டுப் போதகர் எலுனெட்
பின்னுகிற காலுறையிலிருந்து தலை தூக்கவில்லை.
"எங்கள் சபையில் நாற்பத்தொரு பேர்.
மணியும் இல்லை, ஆயரும் இல்லை.
போன வருடம் கூரை ஒழுகியது. வாக்கெடுத்தோம்.
அதிலும் இரண்டாகிவிட்டோம்."

பச்சை: ஒப்புக்கொண்டது.
சிவப்பு: மறுத்தது.
நீலம்: ஒரே சொல், வேறு பொருள்.
மஞ்சள்: வேறு சொல், ஒரே பொருள்.
மஞ்சள்தான் சீக்கிரம் தேய்கிறது.
இதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

என் அம்மா, போரில் இழந்த எல்லைக்கு அப்பாலிருந்து
ஐகானைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தவள்.
அப்பா லூத்தரன்.
ஞாயிறு காலை பால்பண்ணை முக்குவரை
கைகோத்து நடப்பார்கள்.
இடப்பக்கம் தூபம், வலப்பக்கம் பிரசங்கம்.
ஒரு வாரம் நான் அவளோடு, மறுவாரம் இவரோடு.
கோட்பாடு எதுவும் எனக்குப் புரியவில்லை.
அந்த முக்கில் கை விடுவது மட்டும்
வருடா வருடம்
கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமானது.

எட்டாம் நாள் ஞாயிறு.
ஒரே சிற்றாலயம்: ஏழுக்கு ஒருவர், ஒன்பதுக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர்.
சமையற்காரி அவுனேயிடம் ஒரு மூட்டை மாவுதான் இருந்தது.
பாதியைப் புளிக்க வைத்தாள்,
பாதியைப் புளிக்காமல் தட்டினாள்.
"எது யாருக்கு என்று சீட்டு ஒட்டிவிடுங்கள்,
எனக்கு மறந்துபோகும்" என்றாள்.

யுஸ்டினின் வழிபாடு முடிந்தது.
பலியில் சேராத மிச்ச அப்பத்தை,
வாசலில் நின்ற எல்லோருக்கும் கொடுப்பதை,
ஹால்வரிடமும் நீட்டினார்.
"இது...?" என்றார் பேராசிரியர்.
"இல்லை. ஆசீர்வதித்த ரொட்டி. அவ்வளவுதான்."
"அவ்வளவுதானா?"
யுஸ்டின் பதில் சொல்லவில்லை.
நீட்டிய கையையும் மடக்கவில்லை.

மாலையில் மறுபடி பதினான்காம் பத்தி.
கைக்குட்டையை இழுத்தபோது
ஹால்வரின் சட்டைப்பையிலிருந்து
பொடிந்த துணுக்குகள் வரைவின்மேல் உதிர்ந்தன.
அவர் தட்டிவிடப் போனார். தட்டிவிடவில்லை.
மேசை முழுவதும் அதைப் பார்த்தது.
எதுவும் மாறவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.
என் கையில் பென்சில் இருந்தது,
எந்த நிறம் என்று நினைவில்லை.

கடைசியில் அந்த 'உம்'மைச்
சதுர அடைப்புக்குள் வைத்தார்கள்:
அழிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை.
அடுத்த கூட்டத்துக்கு.

பத்தாம் நாள் பனி தாங்கியது.
விடுதிக்காரன் கரையில் நின்று கத்தினான்:
"சேர்ந்து போகாதீர்கள்! உடையும்!
வண்டிக்கு வண்டி ஐம்பது மீட்டர்.
முன்னால் போகிறவரின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போங்கள்."