இருபத்து மூன்றாவது

இருபத்திரண்டு கேள்விகள் வரலாமென்று
இருபத்திரண்டு அட்டைகளில்
பதில் எழுதிக் கொடுத்திருந்தேன் நேவெங்காவுக்கு.
பணத்துக்கு மஞ்சள்,
கால அட்டவணைக்கு நீலம்,
யாராவது கத்தினால் வெள்ளை.

மாரிபோர், நகரமன்றத்தின் இரண்டாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே திராவா
உருகிய பனியோடு மண்ணிறமாய்ப் போகிறது.
அதன்மேல்தான் அவள் மூடச் சொல்லும் பாலம்.
படம் மாற்றும் பொத்தான் என் கையில்.
திரையில் விரிசல், ஒரு தலைமயிர் கனம்;
அளவு தெரிய
பக்கத்தில் ஒரு இருபது சென்ட்.

எவ்வளவு செலவு என்றார்கள். மஞ்சள்.
எத்தனை மாதம் என்றார்கள். நீலம்.
ரொட்டிக்கடைக்காரர் கத்தினார்.
வெள்ளையை அவள் தொடவேயில்லை.
"உங்கள் வண்டி எத்தனை மணிக்குக் கடக்கும்?"
"நாலரை" என்றார், குரல் பாதியாகி.

பிறகு கணக்குப் பிரிவின் போஷ்ட்யான் எழுந்தார்.
எழ வேண்டிய அவசியமில்லை,
எல்லோரும் உட்கார்ந்தபடிதான் கேட்டார்கள்.
ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.
"மூன்று வருடத்துக்கு முன்
பாலம் பத்திரமென்று கையெழுத்துப் போட்டது நீங்கள்.
அன்று தப்பா, இன்று தப்பா?"

அட்டையில் இல்லை அது.
அடுத்த படத்துக்குத் தாவிவிடலாமா என்று
கட்டைவிரல் துடித்தது.
'நல்ல கேள்வி' என்று தொடங்குவாள்,
ஒப்பந்தக்காரர், குளிர்காலம், சுற்றறிக்கை என்று
ஊரைச் சுற்றி வருவாள்.
அந்த வாக்கியங்களெல்லாம் எனக்கு அத்துப்படி,
பன்னிரண்டு வருடமாய் அதற்குத்தான் சம்பளம்.

அவள் தண்ணீர் குடித்தாள்.
டம்ளர் காலியாகும்வரை.
ஒருத்தி விழுங்குவதை
அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்று" என்றாள்.

முதலில் அவ்வளவுதான்.
பிறகு, கடைச் சாமான் கணக்குச் சொல்வதுபோல:
"பெயிண்டுக்கு அடியில் இருந்தது விரிசல்.
சுரண்டிப் பார்க்கச் சொல்லவில்லை விதி.
நான் சுரண்டியிருக்கலாம்.
ஏணியில் நின்றபோது மழை,
சீக்கிரம் இறங்கிவிட்டேன்.
இந்த முறை சுரண்டினேன்."

மழையைச் சொல்லியிருக்க வேண்டாம்.
அந்த மழை யாருக்கும் தெரியாது.

போஷ்ட்யான் வாயில் இன்னொரு கேள்வி இருந்தது,
பார்த்தேன்.
அதற்குக் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை.
காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
"பள்ளிப் பேருந்து எந்த வழியாய்ப் போகும்?"
நீலம், ஒன்பதாம் அட்டை.
புரட்டாமலே சொன்னாள்,
ஓட்டுநர்களிடம் பேசிய தேதியோடு.

வாக்கெடுப்பு வியாழனுக்குத் தள்ளிப்போயிற்று.

வெளியே காபி இயந்திரத்தின் துளைக்குள்
நாணயம் நுழையவில்லை அவளுக்கு.
இரண்டு முறை விழுந்தது.
மூன்றாம் முறை நான் எடுத்துப் போட்டேன்.
சர்க்கரைக்கு எந்தப் பொத்தான் என்றாள்,
தினமும் அமுக்குகிற பொத்தானை.

அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.
பேருந்தில் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
அவள் தொடாத வெள்ளை அட்டையின் முதுகில்
பென்சிலில் ஒரு ஏணி.
அதன்மேல் சாய்வாகச்
சில கோடுகள்.